மூன்று வரிகளில் விளக்குக

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம்:
'தொழிலின் போட்டித்திறனை மூன்று வரிகளில் விளக்குக.'

மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன்.
பான் எண். பங்குதாரர், எஸ்தர் ராணி.
இடம், பீன்யா இரண்டாம் கட்டம், வாடகை ஷெட்.
அடமானத்துக்குச் சொத்து, இல்லை.
இல்லை என்பதை இரண்டு இடத்தில் கேட்டிருந்தார்கள்,
இரண்டு இடத்திலும் எழுதினேன்.

அந்தக் கட்டம் மட்டும்
நான்கு நாள் காலியாகக் கிடந்தது.

நாங்கள் செய்வது
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளை முனை.
எண்ணெயின் அழுத்தத்தை
ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு
கசியாமல் கைமாற்றும், அவ்வளவுதான் அதன் பிறவி.
எங்கள் விலை நாற்பத்தாறு ரூபாய்.
கப்பலில் வருவது நாற்பத்தொன்று.
புனேக்காரர் திட்டமாட்டார்.
'அஞ்சு ரூபாய் மேடம்' என்பார்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

நாகவேணி என்றோர் அதிகாரி வந்தார்,
ஜாலஹள்ளியில் மெட்ரோவை விட்டிறங்கி
லாரிப் புழுதியில் நடந்தே.
செருப்பைக் கழற்றப் போனவரை
ஐயோ பிசிறு குத்தும் என்று தடுத்தோம்.
அந்நேரம் பார்த்து கரண்ட் போனது.
எங்கள் லேத் நின்றது, பக்கத்து ஷெட் பிரஸ் நின்றது,
தெரு முழுக்க ஒரு காக்கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வரவுசெலவுக் கணக்கை நீட்டினேன். வாங்கவில்லை.
கழிவுத் தொட்டியைக் காட்டி
கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார்,
'இதென்ன, இஷ்டொந்து?'

துன்னு சௌத்ரி தரையைப் பார்த்தான்.
நூற்றுக்கு எட்டு மேடம். தண்டு ஆடுகிறது.
பத்து மைக்ரான் தாண்டிவிடுகிறது.

பத்து மைக்ரான் கண்ணுக்குத் தெரியாது.
புனேயில் தெரியும்.

தொட்டியிலிருந்து ஒன்று, தட்டிலிருந்து ஒன்று
எடுத்துக் கைகளுக்குள் குலுக்கி
எது நல்லது என்றார்.
பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறவர்கள், மூவரும்
வாய் பொத்தி நின்றோம்.
கைபேசியில் தட்டிப் பார்த்து அவரே சொன்னார்,
எட்டை நூறின்மேல் பரப்பினால்
ஒன்றுக்கு மூன்று ரூபாய்.

தெரியாத கணக்கல்ல.
வெளி ஆள் வாயில் கேட்கும்போது
களவு போன சாமான்களின் பட்டியலை
போலீஸ்காரர் வாசிப்பதுபோல் இருந்தது.

அன்றிரவு கட்டத்தில் எழுதினேன்:
'ஐந்து ரூபாய் பின்தங்கியிருக்கிறோம்.
மூன்று ரூபாய் கழிவுத் தொட்டியில் இருக்கிறது.
இரண்டு ரூபாய் மாத வட்டிக்காரரிடம்.'

இப்படியா எழுதுவாங்க, என்றாள் எஸ்தர்.
ஒயிட்னர் காய்ந்திருந்தது. அப்படியே போயிற்று.

கேட்டது முப்பத்திரண்டு லட்சம்,
வந்தது இருபத்து நான்கு.
அளவுக் கருவிகளைக் கோடிழுத்து அடித்திருந்தார்கள்.
வட்டிக்காரரை முடித்து அனுப்ப
எஸ்தரின் வளையல்கள் போயின.
இயந்திரம் வந்த அன்று வாசலில் நுழையவில்லை.
சுவரை இடித்தோம். ஷெட்டின் சொந்தக்காரர் சித்தலிங்கையா
ஒரு மணி நேரம் கத்தினார், பிறகு
அவரே உருளைக் குழாய்களை எடுத்துக் கொடுத்து
'இடக்கடெ, இடக்கடெ' என்று வழி சொன்னார்.

எட்டு இப்போது ஒன்றரை.
இரண்டு தொட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு
துன்னு அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

தவணை ஐந்தாம் தேதி.
நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
புனேயின் பணம் தொண்ணூறாம் நாள்.
நடுவில் கிடக்கிற நாட்களுக்கு
எந்தப் பக்கத்திலும் கட்டம் இல்லை.

நேற்றுத் தொலைபேசி.
எங்கள் விலை நாற்பத்திரண்டரை என்றேன்,
கொஞ்சம் நிமிர்ந்தே.
சந்தோஷம் மேடம், என்றார். நிஜமாகவே சந்தோஷம்.
கப்பல் நாற்பதுக்கு இறங்கிவிட்டது.

ரெண்டரை, என்றேன் எஸ்தரிடம்.
அவள் எதுவும் சொல்லவில்லை.
துன்னுவை எழுந்திருக்கச் சொல்லி
தொட்டியை நிமிர்த்தி
உள்ளே எட்டிப் பார்த்தாள்.